வேலிக்கு இந்தப் பக்கம்

பியோங்தேக், தென் கொரியா
மார்ச் 11, 2024, திங்கள் இரவு

அண்ணனுக்கு,

'அண்ணா' என்று அழைப்பதா, 'டேரியஸ்' என்று அழைப்பதா என்று யோசித்தே மூன்று தாள்களைக் கிழித்துவிட்டேன். கிழித்ததை இங்கே குப்பையில்கூடப் போட முடியாது. ஷூவுக்குள் வைத்திருக்கிறேன்.

உங்கள் கடிதம் அமெரிக்க முகாம் வாசல் தையல்கடைக்கு வந்து சேர்ந்தது. சிப்பாய்களின் சட்டையில் பெயர்ப்பட்டை தைக்கும், நான் சித்தி என்று கூப்பிடும் தையல்காரி சனிக்கிழமை என் கையில் திணித்தாள். "இந்தா. நான் குடுத்தேன்னு உங்கம்மாகிட்ட சொன்ன, உன் வாயையும் சேர்த்துத் தைச்சிடுவேன்" என்றாள்.

போனில் பேசலாமே என்று கேட்டிருந்தீர்கள். முடியாது. விடுதிக்குள் நுழைந்ததுமே போன்களைப் பையில் போட்டுப் பூட்டிவிடுவார்கள். சனி, ஞாயிறு வீட்டுக்குப் போனால் அம்மா என் போனைப் பார்ப்பாள். "உங்கப்பன் வீட்டுலேர்ந்து ஒரு காத்துகூட இங்க வரக்கூடாது" என்பது அவள் சட்டம். அதனால் போர்வைக்குள் பேனா விளக்கை வாயில் கவ்விக்கொண்டு எழுதுகிறேன். வெளிச்சம் தெரிந்தால் மூன்று தண்டனைப் புள்ளி. பதினைந்து சேர்ந்தால் விடுதியை விட்டு வெளியே. எனக்கு ஏற்கெனவே ஆறு. நவம்பரில் கல்லூரித் தேர்வு. இப்போது வராந்தாவில் வார்டனின் செருப்புச் சத்தம்.

போய்விட்டார்.

நீங்கள் ஹெலிகாப்டர் எஞ்சின் பழுது பார்ப்பவர் என்பது புரிந்தது. அமெரிக்கப் படைக்கு ஆள் தரும் ஒரு கம்பெனி, ஆகஸ்டு முதல் இரண்டு வருட ஒப்பந்தத்தில் உங்களை இங்குள்ள முகாமுக்கே அனுப்பத் தயார் என்பதும் புரிந்தது. இங்கே கொரிய அம்மாவுக்குப் பிறந்தவர் என்பதால், கொரியப் பதிவேட்டில் உங்கள் பெயர் இல்லை என்று ஒரு தாள் கேட்கிறார்கள். அதை நான் வாங்கித் தரவேண்டும்.

பதினைந்து வருடம் கழித்து வந்த முதல் கடிதத்திலேயே எனக்கு ஒரு வேலை வைத்திருக்கிறீர்கள். கோபமா என்று கேட்காதீர்கள். கோபம்தான்.

உங்களைப் பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம். அமெரிக்கப் படையில் இருந்த அப்பாவுக்கு டெக்சஸுக்கு மாற்றல் வந்தபோது, "ஒரு பள்ளி வருஷம் மட்டும்" என்று உங்களைக் கூட்டிப்போனார். உங்களுக்குப் பத்து வயது, எனக்கு மூன்று. அந்த வருடம் இன்னும் முடியவில்லை. அம்மா உங்களை ஹான்சோல் என்றுதான் சொல்வாள், அதுவும் எப்போதாவது. இப்போது டாக்ஸி ஓட்டுகிறாள். மாலை ஐந்து மணிக்கு முகாமுக்குள் கொடி இறக்கும் ஊதுகொம்புச் சத்தம் வரும்போது உள்ளே எல்லா வண்டியும் நிற்க வேண்டும், இல்லையா? வேலிக்கு வெளியே அந்த விதி கிடையாது. ஆனாலும் அம்மா நிறுத்துவாள், அந்தப் பாட்டுக்கு நீங்களும் எங்கோ நிற்கிறீர்கள் என்பதுபோல.

"ஏம்மா, எனக்கு ரயிலுக்கு நேரமாச்சு!"

"பாட்டு முடியட்டும். அவ்வளவு அவசரம்னா எறங்கி ஓடு."

இதுதான் தெரியும். தாளை வாங்கித் தருகிறேன். ஆனால் பயமாக இருக்கிறது.

நாரே


கில்லீன், டெக்சஸ்
மார்ச் 25, 2024

நாரே,

என் கொரிய மொழி பத்து வயதோடு நின்றுவிட்டது. பிழை இருந்தால் சிரி. போர்வைக்குள்ளேயே சிரி.

ஏன் எழுதவில்லை என்று நீ கேட்கவில்லை. நானே சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு வயதில் எழுதினேன், பதில் வரவில்லை. பதினைந்தில் வெட்கம். இருபதில் கோபம். இப்போது இருபத்தைந்து ஆகப்போகிறது, எதுவும் மிச்சமில்லை. போன மாதம் கணினி வரைபடத்தில் நம் தெருவை முனைமுதல் முனைவரை தேடினேன். பழைய பெயர்ப்பலகை மாறாமல் இருந்தது தையல்கடை ஒன்றுதான்.

இங்கே எல்லோரும் முதலில் கேட்பது "எந்த ஊர்?" என்பதைத்தான். ராணுவப் பிள்ளைக்கு ஊர் கிடையாது. அப்பாவின் மாற்றல் உத்தரவுதான் ஊர். ஜார்ஜியா, கான்சாஸ், மறுபடி டெக்சஸ். ஒவ்வொன்றிலும் பெட்டியைப் பாதிதான் பிரித்தேன். முழுதாகப் பிரித்தது ஒரே ஒரு இடத்தில். அதனால் தெளிவாக எழுதுகிறேன்: நான் சுற்றிப் பார்க்க வரவில்லை. திரும்பி வருகிறேன்.

கம்பெனிப் படிவத்தில் "எப்போதாவது கொரியக் குடியுரிமை இருந்ததா?" என்று கேள்வி. "இல்லை" என்று போட்டேன். ஹான்சோல் என்பது சாப்பிடக் கூப்பிடும் பெயர்தானே. மே இருபதாம் தேதி ஒப்பந்தத்தில் கையெழுத்து. அதற்குள் தாள் வேண்டும்.

ஐந்து மணி விஷயம். இங்கும் முகாமில் ஊதுகிறார்கள். நேற்று வேலிக்கு வெளியே ஒரு கடை வாசலில் பால் டப்பாவோடு அசையாமல் நின்றேன். என்னைத் தவிர யாரும் நிற்கவில்லை.

டேரியஸ்


பியோங்தேக்
ஏப்ரல் 9, 2024, இரவு

அண்ணா,

வெள்ளிக்கிழமை எங்கள் பள்ளி நிறுவன நாள் விடுமுறை. வட்டார அலுவலகத்துக்குப் போனேன். உடன்பிறந்தவரின் சான்றை உடன்பிறந்தவர் வாங்க முடியாதாம். சட்டமாம். அவ்வளவுதான்.

செர்ரி பூக்கள் இந்த வருடம் தாமதம். கணக்கில் எனக்கு இரண்டாம் தரம். அறைத்தோழி தூக்கத்தில் இங்கிலீஷ் வினைச்சொற்களை ஒப்பிக்கிறாள்.

வந்தால் முதலில் என்ன சாப்பிடுவீர்கள் என்று ~~அம்மா~~ கேட்கத் தோன்றியது. பொரித்த கோழி இன்னும் பிடிக்குமா?

அந்தத் தாள் இல்லாமல் வர முடியாதா? "இல்லை" என்று நீங்கள்தான் எழுதிக் கொடுத்துவிட்டீர்களே. அதுவே போதாதா?

விளக்கின் பேட்டரி தீர்கிறது.

நாரே


கில்லீன்
ஏப்ரல் 21, 2024

நாரே,

போதுமாம்! தாள் கிடைக்காவிட்டால் உறுதிமொழி எழுதிக் கொடுத்தால் சரி என்றுவிட்டார்கள். உன் யோசனைதான். இருபதாம் தேதி இரண்டிலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆகஸ்டு மூன்று விமானம். முகாமுக்குள் வீடும் உண்டு.

பொரித்த கோழி இன்னும் பிடிக்கும். எலும்பைக்கூட விடமாட்டேன்.

ஒன்று கேட்கவேண்டும். நீ ஒரு வார்த்தையை அடித்திருக்கிறாய். விளக்குக்கு முன்னால் பிடித்துப் பார்த்தேன். 'அம்மா' என்று இருக்கிறது. அவளுக்குத் தெரிந்துவிட்டதா? தெரியாவிட்டால் சொல்லாதே. வாசலில் போய் நானே அவள் டாக்ஸியைக் கைகாட்டி நிறுத்துவேன். அந்த முகத்தைப் பார்க்கத்தான் வருகிறேன் என்று வைத்துக்கொள்.

டேரியஸ்


பியோங்தேக்
மே 1, 2024, இரவு. விரைவுத் தபால்.

அண்ணா,

கையெழுத்துப் போடாதீர்கள்.

முதலில் இதை எழுதிவிட்டேன். வார்டன் வந்து பிடுங்கினாலும் இந்த ஒரு வரியைக் கிழித்து அனுப்பிவிடுவேன். இனி நடந்ததைச் சொல்கிறேன்.

அலுவலகத்தில் அந்த ஊழியர் சொன்னார்: "அண்ணனோட தாளை உனக்குத் தர முடியாதும்மா. வேணா உங்கம்மாவோட குடும்பச் சான்றைத் தரேன். நீ அவங்க பொண்ணுதானே, அடையாள அட்டையைக் காட்டு." காட்டினேன். அட்டையையும் என் சுருள்முடியையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு அச்சிட்டுக் கொடுத்தார். 'பிள்ளைகள்' என்ற இடத்தில் இரண்டு பெயர் இருந்தது. என் பெயருக்கு மேலே, அம்மாவின் குடும்பப் பெயரோடு, பியோ ஹான்சோல், ஆண், 1999. பக்கத்தில் குடிமக்கள் எண்.

"அட, அண்ணன் பட்டாளத்துக்குப் போய்ட்டு வந்தாச்சா?" என்று சாதாரணமாகக் கேட்டார்.

"அவர் அமெரிக்காவுல இருக்கார்."

"அமெரிக்காவுல இருந்தா என்ன, நிலாவுல இருந்தா என்ன? பதினெட்டு வயசு ஆகற வருஷம், மார்ச் முடியறதுக்குள்ள, 'இந்த நாடு எனக்கு வேணாம்'னு எழுதிக் குடுத்திருக்கணும். குடுக்கல. இனி முப்பத்தெட்டு வயசு வரைக்கும் அவரு நம்ம பையன். இங்க வந்து வேலை பாத்துத் தங்கினா பட்டாளத்துல சேரச் சொல்லி ஆணை வரும், அப்புறம் நாட்டை விட்டுப் போக முடியாது." பிறகு குரலைத் தாழ்த்தி, ஏதோ பரிசு தருவதுபோல, "முன்னெல்லாம் கலப்புப் பிள்ளைங்கள எடுக்கமாட்டாங்க. இப்ப எடுக்கறாங்க" என்றார்.

அன்றைக்கே அம்மா என் பையில் அந்தத் தாளைப் பார்த்துவிட்டாள். டாக்ஸியை ஓரமாக நிறுத்தினாள்.

"அவனுக்கு எழுதப் போறியா?"

"யாருக்கு?"

"நடிக்காதடி. தையக்காரி மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. எப்ப வரான்?"

"ஆகஸ்டு. ஆனா வந்தா பிடிச்சுக்குவாங்கம்மா!"

"பிடிக்கட்டும். ஒன்றரை வருஷம். அது என்ன ஜெயிலா? ஊர்ல எல்லார் பெத்த பிள்ளையும்தான் போறான். ஞாயித்துக்கிழமை போய்ப் பாக்கலாம். கோழி பொரிச்சு எடுத்துட்டுப் போலாம்."

"அவருக்குத் தெரியாம இப்படிப் பண்றது..."

"உங்கப்பன் பொய் சொல்லிக் கூட்டிட்டுப் போனான். நான் பொய்கூடச் சொல்லல. சும்மா இருக்கப் போறேன். நீயும் சும்மா இரு."

அண்ணன் பெயரை ஏன் பதிந்தாய் என்று கேட்டேன். நீங்கள் பிறந்ததும் முகாம் ஆஸ்பத்திரியில் ஒரு அமெரிக்கத் தாள் கொடுத்தார்களாம். "அது அவனை உங்கப்பனோட பிள்ளைன்னு சொல்ற தாளு. எனக்கும் ஒண்ணு வேணாமா?" என்றாள். அடுத்த மாதமே யாரிடமும் சொல்லாமல், உங்களை முதுகில் கட்டிக்கொண்டு நடந்தே போய்ப் பதிந்திருக்கிறாள். பதினெட்டு வயதுக் கதையெல்லாம் அவளுக்கு அப்போது தெரியாது. தெரிந்தபோது நீங்கள் இங்கே இல்லை.

நான் இருபத்தாறு நாள் சும்மா இருந்தேன். என் போன கடிதத்தில் ஒவ்வொரு வரியும் உண்மை, மொத்தமும் பொய். அம்மாவுக்குப் பயந்து மட்டும் இல்லை. நானும் உங்களைப் பார்க்க ஆசைப்பட்டேன். நீங்கள் எலும்பைக்கூட விடமாட்டேன் என்று எழுதியதைப் படித்ததும் என்னால் முடியவில்லை.

நான் சொல்லிவிட்டேன் என்று சனிக்கிழமை அம்மாவிடமும் சொல்லிவிடுவேன்.

நாரே


கில்லீன்
மே 14, 2024

படிவத்தில் "இல்லை" என்பதை அடித்து "ஆம்" என்று மாற்றிக் கொடுத்தேன். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. முகாமுக்குள் அமெரிக்கனாகத் தங்கி வேலை செய்ய ஒரு அட்டை வேண்டும், கொரியக் குடியுரிமை உள்ளவனுக்கு அது கிடையாது. வேலை போயிற்று. விமானச் சீட்டும் போயிற்று.

உன் அம்மா எனக்குக் கண்ணி வைத்தாள். நீ இருபத்தாறு நாள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாய். கடைசி நேரத்தில் விட்டுவிட்டதற்கு நன்றி சொல்ல வேண்டுமா?

இனி எழுதாதே.

டேரியஸ் விட்லோ


பியோங்தேக்
மே 27, 2024, இரவு

டேரியஸ் விட்லோ அவர்களுக்கு,

எழுதாதே என்றீர்கள். எழுதுவேன்.

நேற்று இந்தக் கடிதத்தின் முதல் பிரதியோடு வார்டன் என்னைப் பிடித்துவிட்டார். "யாருக்குடி இது, காதலனுக்கா?" "இல்ல மேடம், அண்ணனுக்கு." "அண்ணனுக்கு எவளாவது அழுதுகிட்டே எழுதுவாளா?" மூன்று புள்ளி. போன மாதம் மூன்று. மொத்தம் பன்னிரண்டு. இதோடு பிடிபட்டால் மூட்டை கட்டவேண்டியதுதான். அதனால் அவசரமாகவும் மரியாதை இல்லாமலும் எழுதுகிறேன்.

நான் சும்மா இருந்தது தப்பு. ஒப்புக்கொள்கிறேன். அம்மா செய்தது பெரிய தப்பு. அதை அவள் முகத்துக்கு நேரே சொன்னேன். மூன்று வாரமாக அவள் என்னோடு பேசவில்லை. சோறு மட்டும் வைக்கிறாள். ஆக, உங்களுக்காக நான் அம்மாவை இழந்தேன், உங்களையும் இழந்தேன். இதற்கு மேல் என்னிடம் வாங்க ஒன்றும் இல்லை. இனி நான் ஏன் பயப்பட வேண்டும்?

அந்த அட்டையைப் பற்றிச் சொல்கிறேன். தையல்கடையில் அதைக் கழுத்தில் தொங்கவிட்டு வருபவர்களை நான் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். கொரியாவில் இருக்கிறேன், ஆனால் இல்லை என்று சொல்லும் அட்டை அது. வீடு வேலிக்குள், கடை வேலிக்குள், சினிமாவும் வேலிக்குள். நீங்கள் அதைக் கேட்டீர்கள். அதை வைத்துக்கொண்டு "திரும்பி வருகிறேன்" என்று எழுதினீர்கள். நான் வேலிக்கு வெளியே வளர்ந்தவள். இதே முடியோடு, இதே நிறத்தோடு. முதல் வருடம் ஒருத்தி வகுப்பு முழுக்கக் கேட்கும்படி, "நீ உங்க நாட்டுக்கு எப்பப் போவ?" என்றாள். "சனிக்கிழமை. இருபதாம் நம்பர் பஸ்ல, அரைமணி நேரம்" என்றேன். வகுப்பே சிரித்தது. இரவு அழுதேன். ஆனால் பதில் சரியான பதில்தான்.

உங்களுக்கு ஊர் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். இருபத்தைந்து வருடமாக ஒரு ஊர் உங்கள் பெயரை எழுதி வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறது. என் பெயருக்கு மேலே. அது உங்களிடம் ஒன்று கேட்கிறது என்று தெரிந்ததும் கண்ணி என்கிறீர்கள். என் வகுப்புப் பையன்கள் எல்லோரிடமும் அது அதையேதான் கேட்கிறது. அவர்களும் முணுமுணுத்துக்கொண்டுதான் போவார்கள்.

வேண்டாமென்றால் முப்பத்தெட்டு வயது வரை அங்கேயே இருங்கள். உங்கள் இஷ்டம், நான் கெஞ்சமாட்டேன். ஆனால் எந்த ஊர் என்று இனி யாராவது கேட்டால், ஊர் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். அது பொய். இந்த வீட்டில் பொய் போதும்.

பியோ நாரே


கில்லீன்
ஜூன் 20, 2024

நாரே,

உன் கடிதத்தைக் குப்பையில் போட்டேன். எடுத்தேன். மறுபடி போட்டேன். இப்போது அதில் காப்பிக் கறை இருக்கிறது.

திங்கள்கிழமை மூன்று மணி நேரம் வண்டி ஓட்டி ஹூஸ்டனில் இருக்கும் கொரியத் தூதரக அலுவலகத்துக்குப் போனேன். வாக்குவாதம் செய்யத்தான் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் நிமிரவே இல்லை.

"பேரு?"

"டேரியஸ் விட்லோ."

"அது இல்லப்பா. எங்க புத்தகத்துல இருக்கற பேரு."

"பியோ ஹான்சோல்."

வீட்டுக்கு வெளியே அந்தப் பெயரை என் வாயால் சொன்னது அதுதான் முதல்முறை. அவர் தட்டினார். "ம், இருக்கீங்க" என்றார். நாரே, என்னைப் பார்த்து இதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. வாக்குவாதத்துக்குத் தயார் செய்து வைத்திருந்ததெல்லாம் மறந்துவிட்டது. பட்டாளத்தில் சேரும் படிவத்தைக் கேட்டு வாங்கினேன்.

அப்பாவிடம் கார் ஷெட்டில் சொன்னேன். கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"என் மகன் இன்னொரு நாட்டுத் துப்பாக்கியத் தூக்கறதா?"

"நீங்க இருபத்திரண்டு வருஷம் தூக்கினீங்களே, அது எந்த நாட்டு மண்ணுலப்பா?"

"அது உத்தரவு."

"ஒரு பள்ளி வருஷம்னு சொல்லிக் கூட்டிட்டு வந்தீங்களே, அதுவும் உத்தரவா?"

ஸ்பேனரை எடுத்துத் துடைத்துக்கொண்டே இருந்தார். விமான நிலையத்துக்கு அவர் வரமாட்டார் என்று நினைக்கிறேன்.

செப்டம்பர் பத்தாம் தேதி வருகிறேன். நானே விரும்பிச் சேர்வதாக எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒன்றரை வருடம். கொரிய மொழி பத்து வயதில் நின்ற ஒருவனை வைத்துக்கொண்டு அந்தச் சார்ஜண்டு படப்போகும் பாட்டை நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது. பயமாகவும் இருக்கிறது. உனக்கு மட்டும் சொல்கிறேன்.

அம்மாவிடம் இதை அப்படியே படித்துக் காட்டு: நீ பிடித்ததால் நான் வரவில்லை. உன்னை இன்னும் மன்னிக்கவும் இல்லை. எல்லாம் தெரிந்துகொண்டு என் காலால் வருகிறேன். டாக்ஸியை விமான நிலையத்துக்குக் கொண்டு வா. மீட்டர் போடு. ஓசியில் ஏறமாட்டேன்.

ஹான்சோல்


பியோங்தேக்
ஜூலை 7, 2024, ஞாயிறு, பகல்

அண்ணா,

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஜன்னல் திறந்திருக்கிறது. அம்மா எதிரே பூண்டு உரித்துக்கொண்டு, நான் எழுதுவதைப் பார்க்காததுபோல் பார்க்கிறாள். உறையின் பின்பக்கம் தையல்கடை முகவரி இல்லை, நம் வீட்டு முகவரி. "இனி எனக்குத் தபால்காரி வேலை இல்லையா?" என்று சித்திக்கு வருத்தம். உங்கள் சட்டைப் பெயர்ப்பட்டையை அவள்தான் தைப்பாளாம். பட்டாளத்திலேயே தைத்துக் கொடுப்பார்கள் என்றேன். "அவங்க தையல் ஒரு தையலா?" என்றாள்.

நேற்று மாலை அம்மா என்னை அழைத்துப்போக விடுதிக்கு வந்தாள். பேச்சு இன்னும் இல்லை. பின் சீட்டில் உட்கார்ந்து, நீங்கள் சொன்னபடியே ஒரு வார்த்தை விடாமல் படித்தேன். 'மன்னிக்கவும் இல்லை' என்பதை விட்டுவிடத் தோன்றியது. ஆனாலும் படித்தேன். அவள் கண்ணாடியில்கூட என்னைப் பார்க்கவில்லை. இரண்டாவது சிக்னலில் சொன்னாள்.

"மீட்டராமே மீட்டரு. ஏர்போர்ட்டுக்கு வெறும் வண்டியா வர்ற சார்ஜும் உண்டுன்னு எழுது. பெட்டிக்குத் தனி."

"வேற எதுவும் எழுதவேணாமா?"

"தப்புதான்னு எழுது." கொஞ்சம் தூரம் ஓட்டினாள். "ஆனா பதிஞ்சது தப்பில்லைன்னு எழுது. அத மாத்திச் சொல்லமாட்டேன்."

எழுதிவிட்டேன்.

முகாம் வாசலை நெருங்கும்போது மணி ஐந்து. உள்ளே ஊதுகொம்பு தொடங்கியது. வேலிக்கு அந்தப் பக்கம் ஜீப்புகள் ஒவ்வொன்றாக நின்றன. ஒரு சின்னப் பையன் சைக்கிளை விட்டு இறங்கி நெஞ்சில் கை வைத்து நின்றான். நான் வழக்கம்போல் முன்சீட்டைப் பிடித்துக்கொண்டேன், அம்மா பிரேக் போடுவாள் என்று.

அவள் போடவில்லை.

"அம்மா, பாட்டு."

"கேக்குது."

"நிக்கலையா?"

"எதுக்குடி நிக்கணும்?" என்று கியரை மாற்றினாள். "உள்ள நமக்கு யாரு இருக்கா?"

நாரே